வந்து போன பிள்ளைக்கும் பத்து நாள்

2020 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜோன்சன் இரண்டாவது தடவையாக வீட்டுக்குள் முடங்கினார். மார்ச் இறுதியில் கொவிட் உறுதியாகி, ஏப்ரலில் செயின்ட் தோமஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய் மீண்டவர் அவர். இந்தத் தடவை அவருக்கு நோய் இல்லை. அவர் சந்தித்த எம்.பி. ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது, அவ்வளவுதான். உடம்பில் எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்கிறது என்று அவரே சொல்லிப் பார்த்தார். தொற்றாளரைச் சந்தித்தவர் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற விதி விடவில்லை.

பிரதமருக்கே அப்படி என்றால், நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் விலக்கு எங்கிருந்து வரும்?

லண்டனில் நம்மவர்கள் நிறைய வாழும் ஹரோ பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அப்போது வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தொற்று என்றால் மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் எடுக்க வேண்டியிருந்தது. தமிழ்த் தாய்மாரின் இலக்கங்கள் எல்லாம் என் மேசைக்கே வந்துவிடும். 2021 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்ததும் ஒரு தாய் கேட்டார்: "அக்கா, இவனுக்கு நத்தாருக்கு முதலே வந்து போயிட்டுது. பிறகும் ஏன் மறிக்கிறியள்? நியூ ஜேர்சியில என்ர தங்கச்சியின்ர மகன் போறானே!"

தங்கச்சி சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 ஆகஸ்டிலேயே, மூன்று மாதத்துக்குள் நோய் வந்து குணமானவர், அறிகுறி இல்லாவிட்டால், புதிதாகத் தொற்றாளரோடு பழகியிருந்தாலும் ஒதுங்கியிருக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. முதலில் 14 நாள், 2020 டிசம்பர் 14 முதல் 10 நாள். தொடர்பாளர், அதாவது தொற்றாளரோடு பழகியவர், என்று அரசின் தடமறியும் சேவை சொல்லிவிட்டால் அது சட்டக் கடமையாக இருந்தது. மீறினால் தண்டம் ஆயிரம் பவுணில் தொடங்கியது.

குழப்பத்துக்கு வேர் 90 நாள் கணக்கு. அந்தக் கணக்கு இங்கேயும் இருந்தது, ஆனால் பரிசோதனைக்கு. நோய் போய்ப் பல வாரங்களுக்குப் பிறகும் பிசிஆர் பரிசோதனை 'இருக்கிறது' என்று காட்டக்கூடும். கலியாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகும் முற்றத்தில் தோரணத் துண்டு கிடக்கிற மாதிரி, செத்த வைரஸின் மரபணுத் துண்டுகள் மூக்கில் கிடக்கும். அதனால் புது அறிகுறி இல்லாதவரை 90 நாளுக்குள் திரும்பப் பரிசோதிக்க வேண்டாம் என்றார்கள். 'பரிசோதனை வேண்டாம்' என்பதைப் பலர் 'ஒதுங்கவும் வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? 2021 ஜனவரியில் 'சைரன்' என்ற ஆய்வின் முதல் முடிவு வந்தது. ஒருமுறை தொற்றியவருக்குத் திரும்பத் தொற்றும் வாய்ப்பு, குறைந்தது ஐந்து மாதங்களுக்கு, 83 சதவீதம் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் மிச்சத்தில் சிலர் நோயே தெரியாமல் மூக்கில் வைரஸைச் சுமந்து பிறருக்குக் கொடுக்கலாம் என்றும் அதே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். தவிர, அந்த ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவமனை ஊழியர்கள், பிள்ளைகள் இல்லை.

விதியின் நியாயம் வீட்டுக்குள் போனதும் முறுகிவிடும். தொடர்பில் இருந்த பிள்ளை மட்டும்தான் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அண்ணன் பள்ளிக்கூடம் போகலாம், தாய் வேலைக்குப் போகலாம். போகலாம் சரி, எட்டு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கடைக்கு மேலே ஒற்றை அறை வீட்டில் இருந்தது. பிள்ளை அம்மம்மாவின் கட்டிலில் இருந்து, தகப்பனின் போனில் கணக்குப் பாடம் செய்தான். தகப்பன் வேலைக்குப் போனால் போனும் போய்விடும், பாடமும் போய்விடும். குறைந்த வருமானக்காரருக்கான 500 பவுண் உதவி, ஒதுங்கியிருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கும் அந்த மார்ச்சில்தான் நீட்டப்பட்டது.

2021 ஜூலையில் ஒரே நாளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கொவிட் காரணமாக வகுப்பில் இல்லை; பெரும்பாலானோர் நோயாளிகள் அல்ல, தொடர்பாளர்கள். அதற்குச் சற்று முன்பு 201 இடைநிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடந்த சோதனையில், வீட்டில் வைப்பதற்குப் பதிலாகத் தினமும் விரைவுப் பரிசோதனை செய்தாலும் தொற்று கூடவில்லை என்று தெரிந்தது. தொடர்பாளர்களில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவானோருக்கே தொற்று வந்தது. பெரிய பிள்ளைகளையாவது இந்த வழியில் முன்னமே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆறு வயதுக்காரியின் மூக்கில் தினமும் குச்சி விடுவது வேறு கதை.

2021 ஆகஸ்ட் 16 முதல் பதினெட்டரை வயதுக்குக் குறைந்த தொடர்பாளர் எவரும் ஒதுங்கத் தேவையில்லை என்றார்கள். கவனியுங்கள், அங்கேயும் கணக்கில் வந்தது வயதுதான்; முன்பு நோய் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் ஒமிக்ரோன் என்ற புதுத் திரிபு வந்து, முன்பு வந்தவர்களையும் திரும்பப் பிடித்ததைப் பார்த்தபோது அதுவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது. 2022 பெப்ரவரி 24உடன் சட்டக் கட்டாயமே முடிந்தது.

இன்றைக்கு இங்கே தொடர்பு என்ற காரணத்துக்காகப் பிள்ளையை மறிப்பதில்லை. பரிசோதனையில் தொற்று இருந்தால் மூன்று நாள் வீட்டில் வைக்கும்படி அறிவுரை. காய்ச்சல் இருந்தால் அது ஆறும்வரை அனுப்ப வேண்டாம். லேசான தடிமன் என்றால் வரலாம். காலையில் பரசிட்டமோல் கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மருந்தின் வேகம் மதியத்துக்குள் இறங்கிவிடும், பிறகு நீங்கள் வேலையை விட்டு வர வேண்டியிருக்கும்.