மிராசுதார் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் 'பிரசவம் எங்கே?' என்று கேட்டால் 'ராசா மிராசுதார்லதான்' என்று பதில் வரும். ஒரத்தநாட்டிலிருந்தும் பூதலூரிலிருந்தும் வருகிற நம் பெண்களுக்கு அந்தப் பெயரின் பொருளை யோசிக்க நேரமில்லை. வலி எடுத்தவளுக்கு வாசல் தெரிந்தால் போதும். நாம் கொஞ்சம் யோசிப்போம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெயரே சொல்கிறபடி, ராஜ குடும்பத்தாரும் மிராசுதார்களும் கைகொடுத்து எழுந்த மருத்துவமனை அது. (ராஜாவின் ஆட்சியோ 1855இலேயே இரண்டாம் சிவாஜியோடு முடிந்துவிட்டது. பெயருக்கு மட்டும் மவுசு குறையவில்லை.) ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டியது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிராசுதாரின் பணம் நெல்லிலிருந்து வந்தது. அந்த நெல்லை நட்டு, அறுத்து, களத்தில் அடித்துக் குவித்தவர்கள் பண்ணையாட்கள். பெயர்ப்பலகையில் அவர்களுக்கு இடமில்லை.

அந்தப் பண்ணையாட்களுக்குக் கிடைத்தது சாட்டையடியும் சாணிப்பாலும். 1940களில் சீனிவாசராவ் போன்றோர் சங்கம் கட்டிப் போராடிய பிறகே அவற்றுக்கு முடிவு வந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும், 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் தொடங்கிய பகை அது. அந்தக் காலத்தில் சேரியில் பிரசவம் என்றால் மூங்கில் சிம்பும் அப்பாயியின் கைப்பக்குவமும்தான் என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1959இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் பெரிய மருத்துவமனை வல்லம் சாலைப் பக்கம் வளர, பழைய மிராசுதார் ஆஸ்பத்திரி தாய்க்கும் சேய்க்குமானதாக நிலைத்தது. கண் சிகிச்சையும் அங்கே உண்டு. இட ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகள் மருத்துவமும் படித்தார்கள். நடவு நட்டவளின் பேத்தி வெள்ளைக் கோட்டுடன் வார்டுக்குள் நடக்கிறாள். இது யாரும் போட்ட பிச்சையல்ல. இன்று அந்த ஆஸ்பத்திரி ஓடுவது அரசுப் பணத்தில். சோப்பு வாங்கும்போதே நாமும் வரி கட்டிவிடுகிறோம்.

உரிமை என்று சொல்லிவிட்டால் மட்டும் ஆயிற்றா? வேறொரு ஊர் அரசு மருத்துவமனைக்கு நம் வீட்டுப் பெண்ணைக் கூட்டிப்போனோம். சீட்டு எழுதியவர் கேட்டார்: "எந்தத் தெரு?" முகவரிக்குத் தெரு வேண்டும்தான். பதில் சொன்னதும் 'வாங்க' என்பது 'வா' ஆனது. பிரசவ அறையில் வலி தாங்காமல் கத்தியவளுக்கு வசவு கிடைத்தது. பிள்ளை பிறந்ததும், ஆணா பெண்ணா என்று சொல்லவே கை நீண்டது. ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை. கை நீட்டிய அம்மா யார்? நம் தெருக்காரர் போன்ற ஒரு தூய்மைப் பணியாளர், ஒப்பந்தக் கூலி. அந்த ரத்தத்தையும் நஞ்சுக்கொடியையும் அள்ளுகிற வேலைக்கு இன்னும் நம்மவர்தான். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, பணம் கொடுக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் கொடுத்தோம். கொடுத்தது தப்பு என்றே இப்போதும் நினைக்கிறோம். அவருக்கு நிரந்தர வேலையும் நல்ல சம்பளமும் கேட்டு நாம் போராடியிருக்க வேண்டும்.

கர்ப்பம் தரித்த 12 வாரத்துக்குள் கிராம செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி வாங்கவும், பிறப்புச் சான்றிதழ் பெறவும் அந்த எண்ணைக் கேட்பார்கள். அழைத்துப்போக 108. ஆஸ்பத்திரியில் யாராவது காசு கேட்டாலோ, மரியாதை இல்லாமல் பேசினாலோ 104க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். படிக்கிற பிள்ளைகள் இந்த எண்களை வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள், அம்மாவுக்கு எட்டுகிற உயரத்தில்.