முகாமுக்குப் பின்: மாணவர் சேவையும் மீள்சிந்தனையும்

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், சமூகப் பணியைக் கல்லூரிக் கல்வியோடு இணைக்க இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் மிகப் பரவலானது. இத்திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும்; தத்தெடுத்த கிராமத்தில் தங்கி நடத்தப்படும் 7 நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். முகாம் முடிந்ததும், நட்ட மரக்கன்றுகளும் சீரமைத்த வாய்க்கால்களும் மருத்துவ முகாமுக்கு வந்தோரும் எண்ணிக்கையாக மாறி, ஒளிப்படங்களுடன் அறிக்கையாகிவிடும். ஆனால் அந்த 7 நாள்களில் மாணவர் எதைப் புரிந்துகொண்டார், எந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதற்கு அவ்வறிக்கையில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. பணி கல்வியாக மாறுவது இந்த விடுபட்ட பகுதியில்தான்.

இப்பகுதியைக் கல்வியியலில் மீள்சிந்தனை என்பர். நடந்ததை நினைவுகூர்வது மட்டும் மீள்சிந்தனை ஆகாது. நடந்தது ஏன் அப்படி நடந்தது, அதைப் பற்றித் தான் கொண்டிருந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம், இனி என்ன செய்வது என்று ஒருவர் ஒழுங்காக ஆராய்வதே அது. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி 1910இல் வெளியிட்ட நூலில், ஒரு நம்பிக்கையை அதன் ஆதாரங்களின் வெளிச்சத்தில் விடாது பரிசீலிப்பதையே உயர்ந்த சிந்தனையாகக் கொண்டார். எல்லா அனுபவமும் கல்வி தருவதில்லை என்றும், சில அனுபவங்கள் தவறான முடிவுகளை மனத்தில் இறுக்கிவிடும் என்றும் 1938இல் அவர் எச்சரித்தார். டேவிட் கோல்ப் 1984இல் இக்கருத்தை நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சுழற்சியாக விளக்கினார்: நேரடி அனுபவம், அதை உற்றுநோக்கிச் சிந்தித்தல், அதிலிருந்து பொதுக்கருத்தை உருவாக்கல், அக்கருத்தை அடுத்த செயலில் சோதித்துப் பார்த்தல். அறிக்கையோடு நின்றுவிடும் முகாம் முதல் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை.

வகுப்பறையில் எளிதாகப் பயன்படுத்தக்கூடிய வழியொன்றை டெர்ரி போர்ட்டன் என்னும் கல்வியாளர் 1970இல் முன்வைத்தார். என்ன நடந்தது, அதனால் என்ன தெரிகிறது, இனி என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளே அவ்வழி. ஏரிக்கரையில் பிளாஸ்டிக் குப்பையை அகற்றிய ஒரு மாணவர் குழுவுக்கு இக்கேள்விகளைப் பொருத்திப் பார்க்கலாம். முதற்கேள்விக்கு விடையாக, எந்த வகைக் குப்பை மிகுதி, அது எந்தத் தெருவை ஒட்டிக் குவிந்திருந்தது, ஊரார் என்ன சொன்னார்கள் என்பவற்றைத் தீர்ப்பு எதுவும் கலக்காமல் பதிவுசெய்ய வேண்டும். இரண்டாம் கேள்வி காரணத்தைத் தேட வைக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் அவை ஏரிக்கரைக்கு எப்படி வருகின்றன, குப்பையில் பொட்டல உறைகள் எத்தனை, தூய்மைக் காவலரின் வண்டி அந்தத் தெருவுக்கு வருகிறதா என்று கேட்கத் தொடங்கும்போது, ஊர்மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற வழக்கமான விடை போதாது என்பது மாணவருக்கே தெரிந்துவிடும். மூன்றாம் கேள்வி அவரைச் செயலுக்குத் திருப்புகிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் குப்பை சேகரிப்பைப் பற்றிய தீர்மானத்தை முன்வைக்க ஊராருக்குத் துணைநிற்பது, மறுபடியும் ஒருநாள் குப்பை பொறுக்குவதைவிடப் பயனுள்ளது என்ற முடிவுக்கு அவர் வரலாம்.

இத்தகைய சிந்தனையைக் கடைசி நாளில் நிறைவு விழாவுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கிப் பெற்றுவிட முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளில் சேவைவழிக் கற்றலை ஆராய்ந்த ஜேனட் ஐலர், டுவைட் கைல்ஸ் ஆகியோர் நல்ல மீள்சிந்தனைக்குரிய நான்கு இயல்புகளைச் சுட்டினர். அது தொடர்ச்சியாக நடக்க வேண்டும். பாடத்தோடு இணைந்திருக்க வேண்டும். மாணவரின் முன்முடிவுகளுக்குச் சவாலாக அமைய வேண்டும். செய்த பணிக்கும் சூழலுக்கும் பொருந்த வேண்டும். தொடர்ச்சி என்பது பணிக்கு முன்பே தொடங்குவது: கிராமத்துக்குப் புறப்படுமுன் அவ்வூரைப் பற்றித் தாம் நினைப்பதை மாணவர் எழுதி வைத்தால், திரும்பிய பின் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆதாரம் கிடைக்கும். பாடத்தோடு இணைதல் என்பது, வேதியியல் மாணவர் கிணற்று நீரின் உவர்ப்பையும் வணிகவியல் மாணவர் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கேட்டையும் தத்தம் பாட அறிவைக் கொண்டு அணுகுவதாகும்.

நான்கனுள் கடினமானது மூன்றாவது. உதவி செய்தோம் என்ற நிறைவும் பிறர் துன்பத்தைக் கண்ட இரக்கமும் இயல்பானவையே என்றாலும், அவை கேள்விக்கு உட்படாதபோது உதவுபவர் உயர்ந்தவர், பெறுபவர் அறியாதவர் என்ற எண்ணமாக உறைந்துவிடும். மெக்சிகோவில் தொண்டாற்ற வந்த அமெரிக்க மாணவர்களிடையே 1968இல் உரையாற்றிய இவான் இல்லிச், நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதோடு நில்லாமல், அது தீங்கும் செய்யும் என்று கடுமையாகச் சாடியது இதனால்தான். ஆனால் மேலைநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான மாணவர், வசதியற்ற மக்கள் என்ற இடைவெளியை முன்வைத்தே பேசுகின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலோ முகாமுக்குச் செல்லும் மாணவர் பலர் அத்தகைய கிராமங்களிலிருந்தே வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அவர்களுக்குத் தேவைப்படும் கேள்வி வேறு: தன் ஊரில் பழகிப்போனதால் கண்ணில் படாத எது, இந்த ஊரில் கண்ணில் பட்டது? எந்தத் தெருவுக்கு மாணவர் குழு போகவில்லை, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினார்கள் என்பன போன்ற சாதி சார்ந்த கேள்விகளும் இங்கே தவிர்க்க முடியாதவை. அவற்றை எவரையும் அவமானப்படுத்தாமல் எழுப்புவது ஆசிரியரின் பக்குவத்தைப் பொறுத்தது.

வழிமுறைகள் செலவு மிக்கவை அல்ல. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் பணி நாட்குறிப்பு எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. நேரமும் வேலையும் மட்டும் நிரப்பப்படும் அக்குறிப்பேட்டில், அன்று வியப்பூட்டியது எது, விளங்காதது எது என்ற இரு கேள்விகளைச் சேர்த்தாலே அதன் தன்மை மாறும். மாலையில் வட்டமாக அமர்ந்து பேசும்போது, பேச்சில் வல்லவர்களே நேரத்தை எடுத்துக்கொள்ளாதபடி முதலில் சில நிமிடம் எல்லோரும் எழுதி, பிறகு இருவர் இருவராகப் பகிர்ந்து, அதன் பின்னரே பொதுவில் பேசலாம். ஊரார் சிலரையும் அழைத்து, மாணவர் செய்தவற்றில் எது பயன்பட்டது, எது வேண்டாதிருந்தது என்று கேட்பது மிக நேர்மையான மதிப்பீடாகும்.

சேவை மனப்பான்மை வளர்ந்தது, தலைமைப் பண்பு பெருகியது என்ற ஆயத்த வாக்கியங்கள் குறிப்பேடுதோறும் திரும்ப வருவதற்கு, மாணவரைவிட மதிப்பெண் முறையே பெரிதும் காரணம். ஆசிரியர் விரும்பும் விடை எதுவென்று தெரிந்தால் மாணவர் அதையே எழுதுவார். ஆகவே மாணவரின் உணர்ச்சிக்கு மதிப்பெண் இடக் கூடாது. சொன்ன கருத்துக்கு அவர் காட்டும் சான்றையும் காரணத்தையும் மட்டுமே மதிப்பிட வேண்டும். அந்தரங்கமானவற்றைக் காட்டாமல் வைத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

திட்ட அலுவலர்கள் அடுத்த முகாமின் நிரலை வகுக்கும்போது, ஒவ்வொரு மாலையிலும் ஒரு மணி நேரத்தை மீள்சிந்தனைக்கு ஒதுக்குவதும், கல்லூரிக்குத் திரும்பிய சில வாரங்களில் மாணவர்களை மீண்டும் ஒருமுறை கூட்டுவதும், மரக்கன்றுகளின் எண்ணிக்கையோடு மாணவர் எழுப்பிய கேள்விகளையும் அறிக்கையில் சேர்ப்பதும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன. இதற்குப் புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை.