பிளாக்செயினை யாரிடம் வாங்குவது?

18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி சிறுமலை வந்தாயிற்று. டீ சொல்லிவிட்டு உட்காருவோம். திண்டுக்கல்லில் படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: “பிளாக்செயின் நடத்துற கம்பெனியை ஒருத்தர் வாங்கிட்டா, அந்தப் பிளாக்செயினும் அவருக்குத்தானே சொந்தம்?” நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். 2020இல் ஸ்டீம் என்ற பிளாக்செயினே இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிளந்தது.

பிளாக்செயின் என்பது ஒரு கணக்கு நோட்டு. மண்டிக்காரர் கல்லாவில் வைத்திருக்கும் ஒற்றை நோட்டு அல்ல. ஒரே கணக்கைப் பலர் ஆளுக்கொரு நோட்டில் எழுதிவருகிறார்கள். ஒருவர் ஒரு வரியை மாற்றினால் மற்ற நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டீமில் எழுதும் முக்கியப் பொறுப்பு 20 பேரிடம் இருந்தது. ‘சாட்சிகள்’ என்று பெயர். ஸ்டீம் நாணயம் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது. பூட்டிவைத்த நாணயம் எவ்வளவோ, ஓட்டுக்கும் அவ்வளவு கனம். பூட்டியதை முழுதாக வெளியே எடுக்க 13 வாரம் ஆகும்.

2020 பிப்ரவரியில், டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் கம்பெனியை வாங்கினார். இணையதளம் வந்தது, பெயர் வந்தது, கம்பெனி ஆரம்பத்திலேயே சேர்த்திருந்த பெரிய நாணயக் குவியலும் வந்தது. நோட்டு மட்டும் வரவில்லை. பால் சங்கக் கட்டடத்தை விலைக்கு வாங்கியவருக்கு அங்கே பால் ஊற்றுகிறவர்களின் மாடுகள் சொந்தமாகுமா?

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அந்தக் குவியலை வைத்து ஓட்டுப் போட்டால் தனக்கு வேண்டிய சாட்சிகளை அவர் உட்காரவைக்கலாம். குவியல் வளர்ச்சிப் பணிக்குத்தான், ஓட்டுக்கு இல்லை என்று பழைய நிர்வாகம் சொல்லிவந்தது. அந்த வாக்குறுதி புதியவரைக் கட்டுப்படுத்துமா? பயந்த சாட்சிகள் குவியலை முடக்கினார்கள்.

மார்ச் 2ஆம் தேதி பைனான்ஸ், ஹூவோபி, போலோனிக்ஸ் என்ற, நாணயம் வாங்கி விற்கும் மூன்று எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர்கள் போட்டுவைத்திருந்த நாணயங்கள் பூட்டப்பட்டு ஓட்டாக மாறின. பழைய சாட்சிகள் இறங்கினார்கள், சன் தரப்பு ஏறியது. நாம் விற்கச் சொல்லி மண்டியில் இறக்கிய வாழைத்தார்களை எடைபோட்டுக் காட்டி, மண்டிக்காரர் சங்கத் தேர்தலில் ஜெயித்தது போல. எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான். எதிர்ப்பு கிளம்பியதும் எக்ஸ்சேஞ்சுகள் ஓட்டை வாபஸ் வாங்கத் தொடங்கின. ஆனாலும் பூட்டு உடனே திறக்காதே.

மார்ச் 20ஆம் தேதி ஸ்டீம்காரர்கள் நோட்டையே பிரதி எடுத்துக்கொண்டு ‘ஹைவ்’ என்று தனியே கிளம்பினார்கள். சிறுமலைக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும்: தாய்வாழையின் கிழங்கிலிருந்து பிரித்து நட்ட பக்கக்கன்று. அதுவரையிலான கணக்கு இரண்டுக்கும் ஒன்று. அதன்பின் வேறு வேறு. ஸ்டீமில் இருந்தவர்களுக்கு அதே அளவு ஹைவ் நாணயம் கிடைத்தது. கம்பெனியின் குவியலை விட்டுவிட்டார்கள். சன் பக்கம் ஓட்டுப் போட்ட சில கணக்குகளையும் சேர்த்து ஒதுக்கினார்கள். அது சரிதானா என்று அப்போதே சண்டை வந்தது. மே மாதம் ஸ்டீம் பக்கமும் எதிரணியினர் சிலரின் நாணயங்களைப் பறித்தது.

மண்டியில் இறக்கிய தார், அதாவது எக்ஸ்சேஞ்சில் போட்ட நாணயம், யாருடையது? 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், வேறொரு எக்ஸ்சேஞ்ச் வழக்கில், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதை நம்பிக்கைப் பொறுப்பாகவும் வைத்திருக்க முடியும் என்று சொன்னது. தம்பிக்கு அந்தத் தீர்ப்பைத்தான் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.