சாக்கலேட்டுக் கம்பெனியில் கோக்கோ விவசாயிகளின் பங்கு

பணம் போடுகிறவர் வட்டி எவ்வளவு என்று கேட்பது இயல்பு. அப்பணம் யாருடைய உழைப்பின்மேல் பெருகுகிறது என்றும் சேர்த்துக் கேட்பவர் சிலர் உளர். அத்தகையோரின் மூலதனம் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டு விவசாயிகளுக்கு எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதை இங்கே காண்போம்.

கானாவில் கோக்கோவைப் பயிரிடுவோர் பெரும்பாலும் சிறு விவசாயிகளே. அவர்களுக்குரிய விலையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. ஏற்றுமதியும் அரசாங்க வாரியத்தின் பொறுப்பில் இருந்து வந்தது. ஆகவே விவசாயி ஏமாந்தது விலையில் அன்று, தராசில்! கொள்முதல் குமாஸ்தாவின் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை நம் உழவர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில், விவசாயிகளிடம் கோக்கோ வாங்கும் உரிமை மட்டும் தனியாருக்கும் வழங்கப்பட்டது. அவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டு 1993-இல் விவசாயிகள் ‘குவாப்பா கோக்கூ’ என்ற சங்கத்தை நிறுவினர். ‘நல்ல கோக்கோ விவசாயி’ என்பது அப்பெயரின் பொருள். கிராமந்தோறும் எடை போடுபவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். சங்கம் விரைந்து வளர்ந்ததற்கு இந்த ஓர் ஏற்பாடே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

இச்சங்கம் தன் கோக்கோவில் ஒரு பகுதியை நியாய வணிக முறையில் விற்றது. இம்முறையில் குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு. சந்தை விலை அதனினும் உயர்ந்தால் சந்தை விலையே கிடைக்கும். அதற்குமேல், டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகையும் சங்கத்துக்குச் சேரும். 2019 அக்டோபர் முதல் இத்தொகை 200 டாலரிலிருந்து 240 டாலராக உயர்த்தப்பட்டது. குடிநீர்க் கிணறா, பள்ளிக்கூடமா, மாவு அரைக்கும் இயந்திரமா என்பதை உறுப்பினர்களே கூடி முடிவு செய்தனர்.

ஆயினும், கொட்டையை விற்பவருக்குக் கொட்டையின் விலைதானே கிடைக்கும்? சாக்கலேட்டில் வரும் லாபம் சாக்கலேட்டு விற்பவருக்கே போய்ச் சேருகிறது. இதை உணர்ந்த உறுப்பினர்கள், தமக்கென ஒரு சாக்கலேட்டுக் கம்பெனி வேண்டுமென்று 1997-இல் பொதுக்கூட்டத்தில் வாக்களித்தனர். மறு ஆண்டே பிரிட்டனில் கம்பெனி தொடங்கப்பெற்றது. ‘டிவைன்’ என்பது அதன் சாக்கலேட்டின் பெயர். பங்குகளில் மூன்றில் ஒரு பகுதி விவசாயிகள் சங்கத்துக்கு உரியதாயிற்று. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை லண்டனிலுள்ள ‘டுவின்’ என்னும் நியாய வணிக நிறுவனமும், ஒரு பகுதியை ‘பாடி ஷாப்’ கம்பெனியும் ஏற்றன. வங்கிக் கடனுக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் ஜாமீன் நின்றது. விவசாயிகளின் பிரதிநிதிகள் இயக்குநர் குழுவில் அமர்ந்தனர்.

முதலீடு செய்தோரின் பொறுமையை நாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். முதல் லாப ஈவு கிடைத்தது 2007-இல்தான். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு காசும் எடுக்காமல் காத்திருப்பது உடனடி லாபம் கருதிப் பணம் போடுவோரால் இயலுமா? 2006-இல் ‘பாடி ஷாப்’ தன் பங்குகளைச் சங்கத்துக்கே இனாமாக அளித்துவிட்டது. அதனால் விவசாயிகளின் பங்கு நூற்றுக்கு 45 ஆக உயர்ந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எழுதுவதும் எளிதாக இருந்திருக்கும். பெருங்கம்பெனிகள் நிறைந்த கடைத்தெருவில் ஒரு சிறு கம்பெனி நிலைத்து நிற்பதற்குப் புதுப்புது மூலதனம் தேவைப்படுகிறது. புதிதாகப் பணம் கொண்டு வருபவர் அதற்கேற்ற உரிமையையும் கேட்பார். 2020-இல் ‘வைன்ரிச்’ என்ற ஜெர்மானியச் சாக்கலேட்டுத் தொழில் நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. விவசாயிகளின் பங்கு நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது.

அதன் பின்னரும் அச்சாக்கலேட்டு நியாய வணிக முத்திரையுடனேயே விற்கப்பட்டது. கோக்கோவுக்குரிய விலையும் ஊக்கத்தொகையும் முத்திரையின் விதிகளால் காக்கப்படுகின்றன. பங்குரிமையைக் காக்க அவ்விதிகளில் இடமில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பெயரால் ஒரு கம்பெனியில் பங்கு பெற முனைவோர், பிற்காலத்தில் மூலதனம் பெருக்கப்படும்போது தம் பங்கின் அளவு என்னவாகும் என்பதைத் தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.