மலை இறங்கும்போது பெட்ரோல் எப்படி மிச்சமாகும்?



நம்ம பெரியதாழையில் மலை கிடையாது. மேடு என்றால் செம்மண் தேரி, பள்ளம் என்றால் கடல். அப்புறம் எதுக்கு இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். மே மாத லீவு வந்தால் வேனோ காரோ பிடித்துக் கொடைக்கானலுக்குத்தானே போகிறோம்? கப்பல் வேலைக்குப் போய்வந்த அண்ணன்மார் சிலர் இப்போது கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிறார்கள். சமமான கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகிய கையோடு மலை ஏறிவிடுகிறார்கள். ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் யாராவது ஒருத்தர் சொல்வார், "நியூட்ரல்ல போட்டா வண்டி தானா உருளும், பெட்ரோல் மிச்சம்" என்று.

இதை நம்பாதீர்கள். பெட்ரோலும் மிச்சமாகாது, உயிருக்கும் ஆபத்து. (எனக்கு 14 வயசு, லைசென்ஸ் கிடையாது. ஆனால் நிலையாற்றல் பற்றிப் படிக்க லைசென்ஸ் வேண்டாமே!)

நம்ம ஆட்கள் அப்படி நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கு. கடலில் காற்றும் நீவாடும் தோதாக இருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வள்ளத்தை அதன் போக்கில் விடலாம். மண்ணெண்ணெய் மிச்சம்தான். அங்கே தண்ணீரே வள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும், வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. மலைச்சரிவில் அப்படிப் பிடிக்க ஒன்றும் இல்லை. வேகம் ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு காரணம் பழைய கார்கள். அந்தக் காலத்து அம்பாசடரில் கார்புரேட்டர் இருந்தது. காலை எடுத்தாலும், இன்ஜின் சுற்றுகிற வரைக்கும் கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அப்போது பிறந்த பேச்சு இது. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால், புதுக் கார்களில் கார்புரேட்டர் போய் ஊசிபோல பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அதை ஆட்டுவிப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்.

விஷயமே இங்கேதான் இருக்கு. கார் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? சரிவில் உருளும் சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். அதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, "இன்ஜின் தானாச் சுத்துது, பெட்ரோல் எதுக்கு?" என்று அடியோடு நிறுத்திவிடும். செலவு பூஜ்யம்! நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துபோகும். அப்போது இன்ஜின் அணையாமல் இருக்க அதுவாகப் பெட்ரோல் குடிக்க வேண்டும். சாதாரணக் கார் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே மணிக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை செலவாகும். ஆக, மிச்சம் பிடிக்கப் போட்ட நியூட்ரல்தான் செலவு வைக்கிறது.

இதை நானே கண்ணால் பார்த்தேன். போன லீவில் மாமாவோட ஆட்டோமேட்டிக் காரில் கொடைக்கானலில் இருந்து இறங்கினோம். சில்வர் அருவியைத் தாண்டியதும் முன்சீட்டில் இருந்த சித்தப்பா, "நியூட்ரல்ல போடும் மச்சான், பெட்ரோல் மிச்சம்" என்றார். மாமா, "இது கடல் இல்ல மச்சான். அந்தக் கோட்டைப் பாரும்" என்று ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் காட்டினார்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுது என்று அந்த நிமிஷத்துக் கணக்கைக் காட்டுகிற கோடு அது. ஏறும்போது அஞ்சு, ஆறு என்று கிடந்தது. இப்போது கியரில், கால் எடுத்த நிலையில், கடைசி வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. சித்தப்பா அதற்கு அப்புறம் அடிவாரம் வரைக்கும் வாயே திறக்கவில்லை.

அடுத்தது பிரேக். ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். ஆட்களோடு சேர்த்துக் கார் 1,300 கிலோ, இறங்கும் உயரம் சுமார் 1,800 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 2 கோடியே 29 லட்சம் ஜூல் வருகிறது. மலை உச்சியில் காருக்குள் சேர்ந்திருக்கும் இந்த ஆற்றல், கீழே வருவதற்குள் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? கொஞ்சத்தைக் காற்றும் டயரும் தின்னும். நியூட்ரலில் வந்தால் மிச்சம் முழுக்க பிரேக்கின் தலையில் சூடாக விழும். மொத்த ஆற்றலையும் கொண்டு 30 டிகிரி தண்ணீரைக் கொதிக்க வைத்தால் 75 லிட்டருக்கு மேல் கொதிக்கும். நம்ம பிளாஸ்டிக் குடத்துக்கு ஐந்து குடம்! அவ்வளவு சூட்டை நாலு சக்கரத்து பிரேக் தாங்குமா? முதலில் கருகல் வாடை வரும். பிறகு பிடிப்பு குறையும். பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பொசுக்கென்று தரை வரைக்கும் இறங்கிவிடும்.

அதனால்தான் ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் இரண்டாவது கியரில்தான் போகவேண்டும் என்று எச்சரிக்கிறார்கள். 36 கொண்டை ஊசி வளைவு, ரொம்பச் செங்குத்து. 2018 அக்டோபரில் சென்னையில் இருந்து வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு போட்டார்கள்.

சரி, கிளட்ச் இல்லாத காரில் இரண்டாவது கியருக்கு எங்கே போவது? லீவர் பக்கத்தில் P, R, N, D என்று எழுதியிருக்கும் அல்லவா? அதற்குக் கீழே L, 2, S என்று ஏதாவது ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் M என்று போட்டு, கூட்டல் கழித்தல் குறி இருக்கும். 2014-இல் செலெரியோவில் வந்தது போன்ற ஏ.எம்.டி. வண்டிகளில் இந்த M உண்டு. வெறும் D-யில் விட்டால் காலை எடுத்ததும் பல வண்டிகள் பெரிய கியருக்குத் தாவிவிடும், இன்ஜின் பிடிக்காது. சில புதுக் கார்கள் சரிவைத் தெரிந்துகொண்டு தானே கியரைக் குறைக்கும். எதுவானாலும் முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகுதான் L-க்கோ 2-க்கோ மாற்ற வேண்டும். இன்ஜின் "உர்ர்ர்" என்று சத்தம் போடும். பயப்பட வேண்டாம், வண்டியைப் பிடித்து இழுக்கிற சத்தம்தான் அது. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வராமல், தேவைப்படும்போது அழுத்தி மிதித்து விட்டுவிட வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கு என்று டிரைவர்கள் சொல்வதும் இதைத்தான்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இதைவிட மோசம். இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனக்கும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பெட்டிக்கு எண்ணெய் தள்ளும் பம்ப் இன்ஜினோடுதான் சுற்றும். அணைத்துவிட்டு உருட்டினால் எண்ணெய் போகாமல் உள்ளே தேயும். அதைச் சரிசெய்கிற செலவுக்கு எத்தனை தடவை கொடைக்கானல் போய்வரலாம்!

ஒரு கொசுறுச் செய்தி. கியரில் இறங்கும்போது ஏசி போட்டால்கூடப் பெரிதாகச் செலவு இல்லை, அதையும் சக்கரம்தானே சுற்றுகிறது. இன்னொன்று, ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்பினால் அவர்களுக்குத்தான் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும்.

கடைசியாக மின்சாரக் கார். மலையின் ஆற்றலைச் சூடாக வீணாக்காமல் பேட்டரிக்கே திருப்பி அனுப்புவது இதுதான். மோட்டாரே டைனமோ மாதிரி வேலை செய்து சார்ஜ் ஏற்றும், வண்டியையும் பிடிக்கும். ஆனால் கொடைக்கானல் லாட்ஜிலேயே பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், வருகிற மின்சாரத்தை வைக்க இடம் இருக்காது, மோட்டாரும் சரியாகப் பிடிக்காது. 80-இலேயே ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி