சவ வண்டி டிரைவரின் லைசென்சு காலாவதியானால்...?

நடுச்சாமம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் கண்ணை மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர். பேச்சு வழக்கில் வி.கே.புதூர்.

வீட்டில் பந்தலுக்கு ஆள் போய்விட்டது. நீர்மாலைக்குப் பங்காளிகள் வந்துவிட்டார்கள். பிரேதம் எப்போது வரும் என்று எல்லோர் கண்ணும் தெருவையே பார்க்கிறது.

வண்டியை ஓட்டி வருகிறவரின் லைசென்சு செல்லுமா? யாரும் கேட்பதில்லை. கேட்கிற நேரமா அது?

ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்!

பிணம் அடக்கவும் லைசென்சு!

அமெரிக்காவில் பிரேதத்தைப் பதப்படுத்தி, சடங்கு நடத்தி, அடக்கம் செய்வது தனித் தொழில். பெரும்பாலான மாகாணங்களில் அதற்கென்று படிப்பு உண்டு; பரீட்சை உண்டு; லைசென்சும் உண்டு. குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் லைசென்சு செத்துப்போகும். மறுபடி உயிர் கொடுக்க அபராதம் கட்ட வேண்டும். வகுப்புக்குப் போன சான்று காட்ட வேண்டும். பல ஆண்டுகள் விட்டுவிட்டால் சில மாகாணங்களில் திரும்பவும் பரீட்சை எழுத வேண்டும்!

கொலராடோ மாகாணம் மட்டும், "இதற்கு எதற்கு லைசென்சு?" என்று 1983-ல் ரத்து செய்தது.

நடந்தது என்ன?

2023 அக்டோபரில் பென்ரோஸ் என்ற ஊரில் ஒரு கட்டிடத்திலிருந்து துர்நாற்றம் வீசியது. உள்ளே போய்ப் பார்த்தால் சுமார் 190 சடலங்கள், அழுகிய நிலையில்! தகனம் செய்துவிட்டதாகச் சொல்லி, சாம்பலுக்குப் பதில் சிமெண்டுக் கலவையைச் சில குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை அஸ்தி என்று நம்பி அழுதவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்!

2024 மே மாதத்தில் லைசென்சு முறையைத் திரும்பக் கொண்டுவரும் சட்டம் கையெழுத்தானது. 2027 ஜனவரி முதல் தேதி கெடு.

நம் ஊரில்

நம் ஊரில் குழி வெட்டுகிறவருக்கு லைசென்சு கிடையாது. பிறப்பையே லைசென்சாக்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியார் தலையில் அந்த வேலையைக் கட்டிவைத்தோம். அதில் நமக்குப் பெருமை இல்லை.

சாவுக் காரியத்தில் லைசென்சு கட்டாயமாக வேண்டிய ஆள், வண்டி டிரைவர்தான்.

போக்குவரத்து வண்டி ஓட்டும் லைசென்சுக்கு ஆயுள் 5 ஆண்டு. முன்பெல்லாம் தேதி முடிந்தாலும் 30 நாள் வரை செல்லும். 2019-ல் திருத்திய சட்டம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. இப்போது தேதி முடிந்த மறுநாளே லைசென்சு இல்லாத ஆள்தான்! பிடிபட்டால் 5,000 ரூபாய் வரை போகும். 3 மாதம் வரை சிறையும் உண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து விபத்து. அடிபட்டவருக்கு இன்சூரன்சு கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டுகள் தீர்ப்புச் சொன்னதுண்டு. கடனில் ஒரே ஒரு வண்டி வாங்கி ஓட்டுகிறவர் என்ன ஆவார்? வீடு வாசல் போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

தேதி முடிவதற்கு ஓராண்டு முன்பே மனுப் போடலாம். முடிந்து ஓராண்டுக்குள் போட்டாலும் பரீட்சை இல்லை. ஆனால் புது லைசென்சு கைக்கு வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது. ஓராண்டு தாண்டிவிட்டால் இருபது வருடம் ஓட்டியவரும் அதிகாரி முன் ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். போக்குவரத்து லைசென்சுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டும் தேவை. படிவம் 1-ஏ என்று கேளுங்கள். கண் பார்வை சரியாக இருக்கிறதா என்று அதில்தான் எழுதுவார்கள். ராத்திரி ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு முக்கியம்!

புதூர்க்காரர்களுக்கு லைசென்சு ஆபீஸ் தென்காசியில். மனுவை இணையத்திலேயே போடலாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அட்டையில் உள்ள தேதியை இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை ஊருக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு. போன் நம்பர் 155377.