பதிலாள் வழங்கியும் பயனர் முகவரிப் பதிவும்

பதிலாள் வழங்கி (ப்ராக்ஸி) என்பது உலாவிக்கும் வலை வழங்கிக்கும் இடையே நின்று கோரிக்கைகளைப் பெற்று அனுப்பும் மென்பொருள் ஆகும். இவ்வமைப்பில், வலை வழங்கியின் பதிவுக் கோப்பில் பயனர்களின் ஐபி முகவரிகளுக்குப் பதிலாகப் பதிலாளின் முகவரியே எல்லா வரிகளிலும் பதிவாவதுண்டு. இரண்டும் ஒரே கணினியில் இயங்கினால் பெரும்பாலும் 127.0.0.1 மட்டுமே தென்படும்.

காரணம்

வலை வழங்கி, தன்னுடன் டிசிபி இணைப்பை ஏற்படுத்திய கணினியின் முகவரியையே அறியும். பயனரின் இணைப்பு பதிலாளுடன் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வழங்கிக்குப் பதிலாள் வேறோர் இணைப்பைத் தொடங்குகிறது.

இதனால் வருகைக் கணக்கு பிழையாகும். கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக இடும் முகவரியைத் தானாகத் தடுக்கும் மென்பொருள் இருந்தால், அது பதிலாளையே தடுத்து, எல்லாப் பயனர்களுக்கும் தளம் கிடைக்காமல் செய்துவிடக்கூடும்.

தீர்வு

பயனரின் முகவரியை 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்னும் எச்டிடிபி தலைப்பில் பதிலாள் சேர்த்து அனுப்பலாம். ஸ்குவிட் மென்பொருளில் தோன்றிய இவ்வழக்கத்துக்கு மாற்றாக, 2014-இல் ஆர்எஃப்சி 7239 'ஃபார்வர்டட்' என்னும் தலைப்பை வரையறுத்தது. தலைப்பைப் படித்து முகவரியை மாற்றிக்கொள்ள என்ஜின்எக்ஸில் 'ரியல்ஐபி', அப்பாச்சியில் 'ரிமோட்ஐபி' ஆகிய கூறுகள் உள்ளன.

பிழையறிதல்

- முதலில் பதிவு வடிவத்தில் இத்தலைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது வெறுமையாக இருந்தால் குறை பெரும்பாலும் பதிலாளின் அமைப்பில் உள்ளது.
- தலைப்பு வந்தும் முகவரி மாறவில்லை எனில், நம்பகமான பதிலாள்களின் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். பட்டியலில் 127.0.0.1 இருக்க, இணைப்பு ஐபிவி6 முகவரியான ::1 வழியாக வந்தால் பொருந்தாது.
- மறையாக்கத்தை அவிழ்க்காமல் கடத்தும் பதிலாளால் தலைப்பைச் சேர்க்க இயலாது. அங்கு எச்ஏப்ராக்ஸி அறிமுகப்படுத்திய 'ப்ராக்ஸி நெறிமுறை' பயன்படுகிறது.

போலி முகவரிகள்

இத்தலைப்பை எவரும் எழுதி அனுப்பலாம். 203.0.113.7 முகவரியிலுள்ள ஒருவர் 198.51.100.9 என்று பொய்யாக எழுதி அனுப்பினால், பதிலாள் உண்மை முகவரியை அதன் வலப்புறம் சேர்க்கும்: 198.51.100.9, 203.0.113.7. இடப்புற முதல் முகவரியை ஏற்கும் வழங்கி ஏமாறும். தொடர்பில்லாத ஒருவர் தடுக்கப்படுவார். எனவே வலப்புறமிருந்து படித்து, நம்பகமான பதிலாள்களை நீக்கியபின் வரும் முதல் முகவரியையே ஏற்க வேண்டும். எல்லா முகவரிகளையும் நம்பகமானவையாக அறிவித்தால் பதிவு நிரம்பும். ஆனால் அது சான்றாகாது.